ஏழு வருடக் கணக்கு: அரச ஆரம்பப் பாடசாலையா, தனியார் பாடசாலையா?

(எமது வானொலியின் மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



ஜனவரி மாதம் எங்கள் கணக்காளர் தொழிலில் மூச்சுவிட நேரமில்லாத மாதம். சுயதொழில் செய்பவர்களின் வருமான வரிப் படிவங்கள் 31ஆம் திகதிக்கு முன்னர் போய்ச் சேரவேண்டும். பை நிறையப் பற்றுச்சீட்டுகளோடு வருகின்ற இளம் பெற்றோர் சிலர், எல்லாம் முடிந்து எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று கேட்பார்கள்: "அண்ணை, இன்னொரு விசயம். மகளுக்கு வாற செப்ரெம்பர் ஸ்கூல் தொடங்குது. பிரைவேற்றில விட்டால் எப்பிடி? வரியில கழிக்கேலுமோ?"

இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சுலபம். கழிக்க முடியாது. உங்கள் சொந்தக் கம்பனியில் இருந்து கட்டினாலும் அது உங்களுக்குக் கிடைத்த நன்மையாகவே கணக்கிடப்பட்டு அதற்கும் வரி வரும். முதலாவது கேள்விக்குக் கதவடியில் நின்று மறுமொழி சொல்ல முடியாது. அதைவிட, அவர்கள் கேட்கின்ற நேரத்தில் பெரும்பாலும் ஜனவரி 15ஆம் திகதி கடந்துபோயிருக்கும். அரச ஆரம்பப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் அதுதான். ஆகவேதான் இந்த முறை முன்கூட்டியே இதைப் பேச எடுத்துக்கொண்டேன். நான் சொல்லப்போவது இங்கிலாந்துக்கு, அதிலும் முக்கியமாக லண்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் நடைமுறை வேறு.

முதலில் சொற்களைப் பற்றி இரண்டு வார்த்தை. "அரசாங்கப் பள்ளிக்கூடம்" என்ற சொல் எங்கள் ஊரில் தாழ்ந்த சொல்லாக இருக்கவில்லை. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்று வந்த பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி எல்லாம் அரசாங்கப் பாடசாலைகள்தான். அங்கு படித்தோம் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர்கள், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், இங்கே பேரப்பிள்ளையின் விசயம் வந்ததும் "கவுன்சில் ஸ்கூலோ?" என்று முகத்தைச் சுழிக்கின்றார்கள். காசு கட்டினால்தான் நல்ல கல்வி என்ற எண்ணத்தை நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. இங்கே வந்த பிறகு வேலையிடத்திலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் பிடித்துக்கொண்டோம்.

இன்னொரு குழப்பமும் இருக்கின்றது. இந்த நாட்டில் "பப்ளிக் ஸ்கூல்" என்றால் பொதுமக்களின் பாடசாலை என்று பொருளில்லை. பெரும் கட்டணம் அறவிடும் பழம்பெரும் தனியார் பாடசாலைகளைத்தான் அப்படிச் சொல்கின்றார்கள். புதிதாக வந்தவர்கள் இதில் ஏமாறுவது வழக்கம். இங்கிலாந்தில் நூறு பிள்ளைகளை எடுத்தால் அவர்களில் 6 அல்லது 7 பேர்தான் தனியார் பாடசாலைகளில் படிக்கின்றார்கள். மிச்சம் எல்லோரும் அரச பாடசாலைகளில். "எல்லாரும் பிரைவேற்றிலதானே விடுகினம்" என்று யாராவது சொன்னால், அந்த எல்லாரும் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

லண்டனில் தனியார் ஆரம்பப் பாடசாலைகளின் கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். நான் உதாரணத்துக்கு ஒரு நடுத்தரத் தொகையை எடுக்கின்றேன்: தவணைக்கு 5,000 பவுண். இதைவிடக் குறைந்ததும் உண்டு, மிகக் கூடியதும் உண்டு. ஆண்டுக்கு மூன்று தவணை, ஆக 15,000. முன்னர் இதோடு முடிந்திருக்கும். 2025 ஜனவரி 1ஆம் திகதி தொடக்கம் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 வீதம் வற் வரி வந்துவிட்டது. சில பாடசாலைகள் அதில் ஒரு பகுதியைத் தாங்களே தாங்கின. பல பாடசாலைகள் பெற்றோரின் தலையிலே போட்டன. முழுவதும் உங்கள் தலையில் என்றால் ஆண்டுக்கு 18,000.

ரிசெப்சன் வகுப்பில் தொடங்கி ஆறாம் ஆண்டு முடிய ஏழு வருடங்கள். பதினெட்டை ஏழால் பெருக்கி 126,000 என்று சொல்லிவிட்டு இருப்பவர்களைப் பார்க்கின்றேன். அது சரிவராது, ஏனென்றால் கட்டணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக்கு 5 வீதம் கூடுகின்றது என்று வைத்தால், ஏழு வருட முடிவில் நீங்கள் கட்டியிருக்கும் தொகை ஏறக்குறைய 146,500 பவுண். இரண்டு பிள்ளைகள் என்றால், சகோதரருக்கு ஏதும் கழிவு தராவிட்டால், 290,000ஐத் தாண்டும். இதற்குள் யூனிபோம், மதியச் சாப்பாடு, சுற்றுலா, பியானோ வகுப்பு, பாடசாலை முடிந்த பிறகு பிள்ளையை வைத்திருக்கும் காசு எதுவும் இல்லை. சில பாடசாலைகள் சாப்பாட்டையும் புத்தகத்தையும் கட்டணத்துக்குள் சேர்த்துவிடும், சில ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில் அனுப்பும். ஆகவே கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், "போன வருடம் இந்த வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு எல்லாமாக எவ்வளவு பில் போனது?" என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு படி இருக்கின்றது, இதைத்தான் எம்மவர் கணக்கில் எடுப்பதில்லை. இந்த 18,000உம் வரி கட்டிய பிறகு கையில் வருகின்ற காசு. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் அடிப்படை வருமான வரி 20 வீதமும் தேசிய காப்புறுதி 8 வீதமும் கட்டுகின்றார். அவர் 18,000 மிச்சம் பிடிக்க 25,000 உழைக்க வேண்டும். கூடிய வரிப்படியில் இருப்பவருக்கு 40உம் 2உமாக 42 வீதம் போய்விடும், அவருக்கு 31,000 வேண்டும். அதாவது ஒரு நாலு வயதுப் பிள்ளையின் பாடசாலைக்காகக் குடும்பத்தில் ஒருவருடைய வேலை முழுவதுமே போய்விடலாம். உங்கள் வீட்டில் இரண்டாவது ஆளின் சம்பளம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்த விசயம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றது. 18,000 பவுண் எங்கிருந்து வருகின்றது என்பதை நான் மற்றவர்களின் கணக்குப் புத்தகத்தில் பார்க்கின்றேன். தகப்பன் கிழமையில் ஐந்து நாள் ஒரு வேலை செய்து, சனி ஞாயிறு பெற்றோல் நிலையத்தில் நிற்கின்றார். தாய் பராமரிப்பு நிலையத்தில் பின்னேர வேலைக்குப் போய் இரவு பத்து மணிக்கு வருகின்றார். இரண்டு சீட்டுப் பிடித்து, ஒன்றை முன்கூட்டியே கழிவோடு எடுத்து ஒரு தவணைக்குக் கட்டுகின்றார்கள். வீட்டு மோட்கேஜை நீட்டுகின்றார்கள். இப்படி உழைப்பது எங்களுக்குப் புதிதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கியவர்கள் இப்படித்தான் தம்பி தங்கச்சிமாரை எடுப்பித்தார்கள், வீடு வாங்கினார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாலு வயதிலிருந்து ஏழு வயதுவரை ஒரு பிள்ளைக்கு எது வேண்டும் என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். இரவில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து பதினைந்து இருபது நிமிடம் புத்தகம் வாசிக்க வேண்டும். பிள்ளை கேட்கும் கேள்விக்கு ஆள் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுக்க வேண்டும். கட்டணம் கட்டுவதற்காக அந்தப் பின்னேரங்களையே விற்கிறோம் என்றால், வாங்குகின்ற பொருள் விற்கின்ற பொருளைவிடப் பெறுமதியானதா என்று பார்க்க வேண்டும். வியாபாரத்தில் என்றால் பார்ப்போம்தானே?

நியாயமாகப் பேசவேண்டும். காசு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்கின்றேன். முதலாவது சிறிய வகுப்பு. அரச பாடசாலையில் ரிசெப்சன், முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி. பெரும்பாலான இடங்களில் அந்த முப்பதும் நிரம்பியிருக்கும், ஒரு உதவி ஆசிரியரும் நிற்பார். தனியார் பாடசாலைகள் பலவற்றில் வகுப்புக்கு இருபதுக்கும் குறைவான பிள்ளைகளே இருப்பார்கள். வாய் திறக்காத, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். விளையாட்டு மைதானம், சங்கீதம், நீச்சல், பிரெஞ்சு மொழிக்கென்று தனி ஆசிரியர், நீண்ட நேரம் திறந்திருக்கும் பாடசாலை என்பனவும் உண்டு. லெவன் பிளஸ் சோதனைக்குத் தயார்ப்படுத்துவதையே சில பாடசாலைகள் முக்கிய வேலையாக வைத்திருக்கின்றன. இவை எல்லாம் உண்மையான பெறுமதிகள்தான்.

ஆனால் பலர் காசு கொடுத்தால் தானாக வரும் என்று நினைக்கின்ற சில விசயங்கள் வருவதில்லை. தனியார் பாடசாலை ஆசிரியர் அரசாங்கம் வழங்கும் ஆசிரியர் தகைமை பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தேசிய பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. பல பாடசாலைகள் நல்ல ஆசிரியர்களை வைத்திருக்கின்றன, பாடத்திட்டத்தைவிடக் கூடவும் படிப்பிக்கின்றன என்பது வேறு விசயம். நீங்கள் கேட்டுத்தான் அறிந்துகொள்ள வேண்டும். முதலாம் ஆண்டில் எழுத்தொலி வாசிப்புச் சோதனை, நாலாம் ஆண்டில் பெருக்கல் வாய்பாட்டுச் சோதனை, ஆறாம் ஆண்டில் சற்ஸ் பரீட்சை என்று அரச பாடசாலையில் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் இருக்கின்றது. தனியார் பாடசாலைக்கு இவை கட்டாயமில்லை. பிள்ளை எங்கே நிற்கின்றது என்று அவர்கள் தருகின்ற அறிக்கையை வைத்துத்தான் நீங்கள் அறியவேண்டும். காசு கட்டுகின்ற வாடிக்கையாளருக்கு எழுதும் அறிக்கை எப்படி இருக்கும் என்பது வியாபாரம் செய்கின்ற நேயர்களுக்குத் தெரியும்.

மற்றது, பிள்ளைக்கு ஏதாவது விசேட தேவை இருந்தால். பேச்சுத் தாமதம், டிஸ்லெக்சியா, ஓட்டிசம் என்று எம்மவர் குடும்பங்களிலும் இருக்கின்றது, வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். நாலு வயதில் பலருக்கு இது தெரியவும் வராது. அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் விசேட தேவைகளுக்கென ஒரு பொறுப்பாசிரியர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உதவிகள் தாமதமாகின்றன, பெற்றோர் கவுன்சிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கின்றது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அவர்களுடைய பொறுப்பு. தனியார் பாடசாலைக்கும் சமத்துவச் சட்டம் பொருந்தும் என்றாலும், மேலதிக உதவிக்கான செலவைப் பல இடங்களில் பெற்றோரிடமே கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை இரண்டாம் ஆண்டில் கூப்பிட்டு, "உங்கள் மகனுக்கு இந்தப் பாடசாலை பொருத்தமில்லை என்று நினைக்கின்றோம்" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். மூன்று வருடக் கட்டணம் கட்டிய பிறகு. அந்தப் பிள்ளை இப்போது வீட்டுக்கு அண்மையில் உள்ள அரச பாடசாலையில் படிக்கின்றான், வாசிக்கவும் தொடங்கிவிட்டான்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், இது என்னுடைய தொழில். இடம் கிடைத்ததும் ஒரு பதிவுக் கட்டணம், பிறகு ஒரு வைப்புப் பணம், பிறகு நீங்கள் கையொப்பம் வைக்கின்ற ஒரு பத்திரம். அந்தப் பத்திரத்தில் பொதுவாக ஒரு முழுத் தவணை முன்னறிவித்தல் என்று இருக்கும். இடையில் வேலை போய்விட்டது, கடை நட்டத்தில் போகிறது, பிள்ளையை நிற்பாட்டப் போகிறேன் என்றால், அடுத்த தவணைக் காசையும் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கணவன் மனைவி இரண்டு பேரும் கையொப்பம் வைத்தால் இரண்டு பேரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு, பிறகு குடும்பம் பிரிந்தாலும். இன்னொன்று, பாடசாலையின் நிதி நிலைமை. 2025இல் சில சிறிய தனியார் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலை ஒரு தர்ம ஸ்தாபனமாகவோ கம்பனியாகவோ பதியப்பட்டிருந்தால் அதன் ஆண்டுக் கணக்கு அறிக்கையை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு வீடு வாங்குமுன் சேவேயர் வைத்துப் பார்க்கிறோம். ஒன்றரை இலட்சம் பவுண் கொடுக்கப்போகும் இடத்தின் கணக்கையும் ஒருமுறை பாருங்கள், விளங்காவிட்டால் தெரிந்த ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள்.

அரச பாடசாலைப் பக்கம் வருவோம். அங்கே கட்டணம் இல்லை என்பது மட்டுமல்ல, சில செலவுகளும் குறைந்துவிட்டன. ரிசெப்சன், முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2014 செப்ரெம்பர் முதல் மதியச் சாப்பாடு இலவசம். லண்டனில் 2023 செப்ரெம்பர் முதல் நகர மேயரின் நிதியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் அது நீட்டப்பட்டது.

எந்தப் பாடசாலை நல்ல பாடசாலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னர் எம்மவர் ஒரே ஒரு சொல்லைத்தான் தேடுவார்கள், ஒஃப்ஸ்டெட் கொடுத்த "அவுட்ஸ்ராண்டிங்" என்ற சொல். அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டை 2024 செப்ரெம்பரில் நிற்பாட்டிவிட்டார்கள். 2025 நவம்பர் முதல் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகப் புள்ளியிடும் அறிக்கை வருகின்றது. இது எங்களுக்கு வசதிதான், முழு அறிக்கையையும் வாசிக்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கின்றது. இருந்தாலும் அறிக்கையைவிட நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் ஆசிரியரோடு எப்படிக் கதைக்கின்றார்கள், தலைமை ஆசிரியருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரிந்திருக்கின்றதா என்று பாருங்கள். போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள், வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பின்னேரம் மூன்றேகால் மணிக்கு வாசலில் நின்று, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய்மாரோடு கதையுங்கள். எந்த அறிக்கையிலும் இல்லாத விசயம் அங்கே கிடைக்கும்.

விண்ணப்பத்தில் எம்மவர் இடையே இரண்டு பிழையான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒரே ஒரு பாடசாலையை மட்டும் எழுதினால் அதைக் கட்டாயம் தருவார்கள் என்பது ஒன்று. அப்படி இல்லை. லண்டனில் ஆறு பாடசாலைகள் வரைக்கும் எழுதலாம். நீங்கள் எத்தனையாவது இடத்தில் எழுதினீர்கள் என்பது பாடசாலைக்குத் தெரியாது. ஒவ்வொரு பாடசாலையும் தன்னுடைய விதியின்படி வரிசைப்படுத்தும், உங்களுக்குக் கிடைக்கக் கூடியவற்றுள் நீங்கள் மேலே எழுதியதைக் கவுன்சில் தரும். ஒன்றை மட்டும் எழுதி அது கிடைக்காவிட்டால், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட இடம் எங்கோ தூரத்தில் கிடைக்கும். ஆகவே ஆறையும் நிரப்புங்கள், அதில் ஒன்றாவது நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய அயல் பாடசாலையாக இருக்கட்டும். மற்ற நம்பிக்கை, மாமா வீட்டு விலாசத்தைப் போடலாம் என்பது. கவுன்சில் வரிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றார்கள். பிடிபட்டால் கிடைத்த இடத்தைத் திருப்பி எடுப்பார்கள், பிள்ளை படிக்கத் தொடங்கிய பிறகுகூட.

உடன்பிறந்தவர் ஏற்கெனவே படிப்பதும், வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோவில் சார்ந்த அரச பாடசாலைகள் உண்டு, ஞானஸ்நானப் பத்திரமும் மேலதிகப் படிவமும் கேட்பார்கள், அதையும் அதே காலக்கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். ஹரோவில் 2008இல் தொடங்கிய கிருஷ்ணா அவந்தி ஆரம்பப் பாடசாலை இந்த நாட்டின் முதலாவது அரச நிதி பெறும் இந்துப் பாடசாலை. கட்டணம் கட்டாமலே இப்படியான தெரிவுகளும் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கின்றேன்.

இன்னொரு செய்தியும் பெற்றோருக்குச் சாதகமானது. பிறப்பு வீதம் குறைந்து, இளம் குடும்பங்கள் லண்டனை விட்டு வெளியே போனதால், லண்டன் ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகளின் தொகை குறைந்து வருகின்றது. ஹக்னி, சதர்க், லம்பத் போன்ற இடங்களில் பாடசாலைகளை மூடவும் இணைக்கவும் வேண்டி வந்தது. பாடசாலைகளுக்கு இது கஷ்டம், ஆனால் பத்து வருடங்களுக்கு முன்னர் இடமே கிடைக்காத சில நல்ல பாடசாலைகளில் இன்று இடம் கிடைக்கின்றது. உங்கள் பகுதியில் போன வருடம் எந்தத் தூரம்வரை இடம் கொடுத்தார்கள் என்று கவுன்சிலின் கைநூலில் இருக்கும். தமையனின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்ற பழைய கதையை நம்பி இருக்க வேண்டாம்.

"இங்கிலிஸ் வராமல் போயிடும்" என்ற பயமும் சிலருக்கு. அம்மம்மா அம்மப்பாவோடு வளர்ந்து தமிழ் மட்டுமே பேசிக்கொண்டு ரிசெப்சனுக்குப் போகின்ற பிள்ளை இரண்டு மூன்று மாதம் வாய் திறக்காமல் இருக்கலாம். லண்டன் அரச பாடசாலை ஆசிரியர்களுக்கு இது பழக்கமான விசயம், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களாகவே இருப்பார்கள். ஆங்கிலம் வந்துவிடும். போய்விடக் கூடியது தமிழ்தான். அதைக் காப்பாற்றுவதற்கும் பின்னேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

லெவன் பிளஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் நேயர்கள் விடமாட்டார்கள். ஊரிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தாய்மார் தவம் இருப்பது போலத்தான் இங்கே கிராமர் பாடசாலைச் சோதனை. சட்டன், கிங்ஸ்ரன், பார்னெட், ரெட்பிறிட்ஜ், கென்ற் பகுதிகளில் எம்மவர் வீடு வாங்குவதே அதற்காகத்தான். கிராமர் பாடசாலை அரச பாடசாலைதான், கட்டணம் இல்லை. "ஏழு வருடம் பிரைவேற்றில கட்டினால் பிறகு கிராமரில சும்மா படிக்கலாம்" என்று ஒரு கணக்குச் சொல்கின்றார்கள். கணக்கு என்றபடியால் பார்க்கத்தான் வேண்டும். சோதனை ஆறாம் ஆண்டு தொடங்குகின்ற செப்ரெம்பரில் பொதுவாக நடக்கும், பதிவு அதற்கு முந்திய கோடையிலேயே முடிந்துவிடும். அரச ஆரம்பப் பாடசாலை இதற்குப் பொதுவாகப் படிப்பிப்பதில்லை, ஆகவே வீட்டிலோ ரியூசனிலோ படிக்க வேண்டும். கிழமைக்கு 40 பவுண், வருடத்தில் 45 கிழமை, இரண்டு வருடம் என்று எடுத்தால் 3,600 பவுண். ஒன்றரை இலட்சத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அதுவும் பிள்ளைக்கு எட்டு வயதாகி, அதற்கு விருப்பமும் இயல்பும் இருக்கின்றதா என்று தெரிந்த பிறகு செலவழிக்கின்ற காசு. நாலு வயதில் அது யாருக்கும் தெரியாது. ஐந்து வயதிலேயே ரியூசனுக்கு அனுப்புகின்றவர்களையும் காண்கின்றேன், அதைப் பற்றி இன்னொரு நாள் கோபமாகப் பேசுகின்றேன்.

அப்படியென்றால் தனியார் பாடசாலையே வேண்டாம் என்கின்றீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஒருவருடைய சம்பளத்தில் குடும்பம் ஓடி, மற்றவருடைய சம்பளம் மிஞ்சுகின்ற வீடுகள் இன்று எம்மவரிலும் இருக்கின்றன. அகதியாக வந்தவர்களின் பிள்ளைகள் வைத்தியர்களாகவும் வங்கிகளிலும் இருக்கின்றார்கள். அவர்கள் சிறிய வகுப்பு வேண்டும் என்று நினைத்துக் கட்டினால் அது அவர்களுடைய காசு. அரச பாடசாலையில் பிள்ளையைத் தொடர்ந்து வதைக்கின்றார்கள், பாடசாலை கவனிக்கவில்லை, மாற்ற வேறு இடமும் இல்லை என்றால் கடன்பட்டாவது மாற்றுவேன் என்று ஒரு தாய் சொன்னால் அதற்கு எதிராக நான் கணக்குப் பேச மாட்டேன். என்னுடைய கேள்வி, சாதாரணமான ஒரு பிள்ளைக்கு, வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் பரவாயில்லாத அரச பாடசாலை இருக்கும்போது, தாய் தகப்பன் இரண்டு பேரும் வீட்டில் இல்லாமல் உழைத்துக் கட்டலாமா என்பதுதான். கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆரம்பப் பாடசாலையை அரசாங்கத்திடம் விட்டுவிட்டு, காசைச் சேர்த்து வையுங்கள். ஜூனியர் ஐசா கணக்கில் ஆண்டுக்கு 9,000 பவுண் வரைக்கும் வரியில்லாமல் போடலாம், ஆனால் 18 வயதில் அது பிள்ளையின் கைக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம். பல்கலைக்கழகக் கட்டணம் 2025 கல்வியாண்டில் 9,535 பவுண். காசின் தேவை முன்னால் குறைவு, பின்னால் கூட.

இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு ஒரு பரீட்சை சொல்கின்றேன். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போதே, மாதம் 1,500 பவுணை வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். பாடசாலைக்குக் கட்டுவதாக நினைத்து ஒரு வருடம் அதைத் தொடாமல் இருந்து பாருங்கள். அந்த வருடத்துக்குள் கார் பழுதாகும், ஒரு சாமத்தியச் சடங்கு வரும், ஊரில் ஒரு செத்தவீட்டுக்கு அவசரமாக ரிக்கற் எடுக்க வேண்டி வரும், பொயிலர் உடையும். அதெல்லாம் வந்தும் அந்தக் கணக்கில் கைவைக்கவில்லை என்றால், ஓவர்ரைமும் கூடவில்லை என்றால், உங்களால் கட்ட முடியும். நான் இதைச் சொன்ன குடும்பங்களில் ஒன்று நாலாம் மாதம் தொலைபேசி எடுத்து, "அண்ணை, விட்டிட்டம்" என்றது. சேர்ந்த 4,500 பவுண் அவர்களிடமே இருந்தது.

தனியார் பாடசாலைதான் என்று தீர்மானித்தவர்களும் அரச பாடசாலைக்கு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். விண்ணப்பிக்கக் காசு இல்லை. ஏப்ரல் 16ஆம் திகதி முடிவு வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிறகு இடையில் மாறுவதென்றால் எப்போதும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் எங்கே வெற்றிடம் இருக்கின்றதோ அங்கேதான் கிடைக்கும். ரிசெப்சனில் முப்பதும் நிரம்பிய வகுப்புக்கு மேன்முறையீடு செய்து வெல்வது மிகவும் அரிது.

கடைசியாக, போன மாதம் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த ஒரு நேயரின் கேள்வி. மகன் ஒகஸ்ட் மாதக் கடைசியில் பிறந்தவன், நாலு வயது முடிந்து சில நாட்களிலேயே பாடசாலைக்குப் போகவேண்டுமே, அதனால் சிறிய தனியார் பாடசாலையில் விடுவதா என்று கேட்டிருந்தார். அக்கா, அதற்கு அவ்வளவு தேவையில்லை. ஐந்து வயது நிறைந்த பிறகு வரும் தவணையில்தான் பாடசாலை சட்டப்படி கட்டாயமாகின்றது. அதுவரை இடத்தை வைத்துக்கொண்டே அரைநாள் அனுப்பலாம், அல்லது அந்த ஆண்டுக்குள் பிந்தித் தொடங்கலாம். ஏப்ரல் 1இலிருந்து ஒகஸ்ட் 31க்குள் பிறந்த பிள்ளைகளை ஒரு வருடம் பிந்தி, ஐந்து வயதில் ரிசெப்சனிலேயே சேர்க்கும்படியும் கேட்கலாம். அது உரிமை அல்ல, கவுன்சிலோ பாடசாலையோ பிள்ளையின் நன்மையைப் பார்த்துத் தீர்மானிக்கும், ஆகவே காரணங்களை எழுதி, நேர்சரி ஆசிரியரின் கடிதமும் சேர்த்து, இப்போதே கேளுங்கள். அந்த முடிவு வரும்வரை வழமையான விண்ணப்பத்தையும் ஜனவரி 15க்கு முன்னர் போட்டு வையுங்கள். அனுப்பியதும் உங்களுக்கு ஒரு இலக்கத்தோடு மின்னஞ்சல் வரும். அது வராவிட்டால் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அன்றைக்கே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுங்கள்.